விழுந்தவரின் ஹக்கு



தொழுகையில் ஒரு சிறு பிசகு நேர்ந்தால் ஸஜ்தா ஸஹ்வு செய்ய வேண்டுமா என்று ஹஜ்ரத்மார்களைத் தேடிச் சென்று கேட்கும் நம் மக்கள், கொடுக்கல் வாங்கலில் எழும் மஸ்அலாக்களை அவ்வளவு தேடிக் கேட்பதில்லை. கூலி, நஷ்டஈடு, வழக்கு, மேல்முறையீடு என்பவையெல்லாம் வக்கீல்களின் சமாச்சாரம், தீனுக்கும் அதற்கும் என்ன தொடர்பு என்று எண்ணிவிடுகிறோம். ஃபிக்ஹு நூல்களைப் புரட்டினால் வணக்க வழிபாட்டுப் பாடங்களுக்குப் பின்னால் வருகிற பெரும்பகுதி இதைப் பற்றியதுதான் என்பது தெரியும். இந்த மாதம் அதில் ஒரு பாடத்தை எடுத்துக்கொள்வோம்.

கோபாலபுரத்தில் பழைய பங்களா ஒன்றை இடித்துவிட்டு அடுக்குமாடிக் கட்டடம் எழுப்புகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். மூன்றாவது மாடிச் சாரத்தில் நின்று பூசிக்கொண்டிருந்த நாற்பது வயதுக் கொத்தனார், கயிறு நழுவிக் கீழே விழுகிறார். ராயப்பேட்டை அரசு மருத்துவமனைக்குத் தூக்கிச் செல்கிறார்கள். அன்றிரவே மவ்த்தாகிவிடுகிறார். மறுநாள் ஜனாஸா. மூன்றாம் நாள் மேஸ்திரி வீட்டுக்கு வருகிறார். கையில் ஐம்பதாயிரம் ரூபாய், கூடவே ஒரு வெள்ளைத் தாள். "இனி எங்களுக்கு எந்தப் பாத்தியதையும் இல்லை" என்று எழுதி, இத்தாவில் இருக்கும் அந்தப் பெண்ணிடம் கைநாட்டு வாங்கித் தரும்படி ஜமாஅத்துப் பெரியவர்களிடம் கேட்கிறார். பெரியவர்களும் நல்லெண்ணத்தோடு வாங்கித் தந்துவிடுகிறார்கள். "கலாகத்ரை யார் தடுக்க முடியும்? கோர்ட்டு, கச்சேரி என்று அலைந்தால் இதுவும் கிடைக்காது" என்று ஆறுதலும் சொல்கிறார்கள்.

இது நாம் எடுத்துக்கொண்ட உதாரணம்தான். ஆனால் இப்படி நடப்பதில்லை என்று நம் வாசகர்களில் யாரும் சொல்லமாட்டார்கள்.

அந்தப் பெண்ணின் ஹக்கு உண்மையில் எவ்வளவு? 1924 ஜூலை முதல் நாள் நடைமுறைக்கு வந்த 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டம் நூறாண்டு காலம் இந்நாட்டில் நின்றது. வேலையின் காரணமாகவும் வேலையின் போதும் விபத்து நேர்ந்தால் முதலாளி நஷ்டஈடு கொடுத்தாக வேண்டும் என்பது அதன் அடிப்படை. முதலாளி தவறு செய்தார் என்று நிரூபிக்க வேண்டியதில்லை. மவ்த்தானவரின் மாதச் சம்பளத்தில் பாதியை, அவர் வயதுக்கென்று அட்டவணையில் உள்ள எண்ணால் பெருக்க வேண்டும். சம்பளம் எவ்வளவு அதிகமானாலும் 15,000 ரூபாய் வரைதான் கணக்கில் எடுப்பார்கள் என்பது 2020 முதல் இருந்த வரம்பு. நாற்பது வயதுக்குரிய எண் 184.17. ஆக, 7,500-ஐ 184.17-ஆல் பெருக்கினால் 13,81,275 ரூபாய். விபத்து நடந்த நாளிலிருந்தே இது கடன். ஒரு மாதத்திற்குள் கொடுக்காவிட்டால் ஆண்டுக்கு 12 சதவீதம் வட்டியும், காரணமில்லாத தாமதத்திற்குப் பாதித் தொகை வரை அபராதமும் உண்டு என்றது அச்சட்டம். ஐம்பதாயிரத்தையும் பதின்மூன்று லட்சத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

2025 நவம்பர் 21 முதல் 2020-ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் அமலுக்கு வந்து, பழைய சட்டத்தின் இடத்தைப் பிடித்துக்கொண்டது. பழைய சட்டத்தின் சாரம் அதன் ஓர் அத்தியாயமாக அமைந்திருக்கிறது. கமிஷனர் என்றிருந்த பெயர் தகுதிபெற்ற அதிகாரி என்று மாறியுள்ளது. வீட்டிலிருந்து வேலைக்குப் போகும் வழியிலோ, வேலை முடிந்து திரும்பும் வழியிலோ நேரும் விபத்தும், வேலையோடு அதற்குத் தொடர்பிருந்தால் வேலை விபத்தாகவே கொள்ளப்படும் என்று அதில் தெளிவாக எழுதியிருக்கிறார்கள். அந்தத் தேதிக்கு முன் நடந்த விபத்துகளுக்குப் பழைய சட்டப்படி ஏற்பட்ட உரிமை அழிந்துவிடவில்லை.

இனி அந்தக் கைநாட்டுத் தாளுக்கு வருவோம். நஷ்டஈட்டு உரிமையை விட்டுக்கொடுப்பதாகத் தொழிலாளி எழுதிக்கொடுக்கும் ஒப்பந்தம் செல்லாது என்று 1923-ஆம் ஆண்டுச் சட்டம் தெளிவாகச் சொன்னது. மரண விஷயத்தில் முதலாளி நேரடியாகக் குடும்பத்தின் கையில் கொடுப்பது நஷ்டஈடாகவே கணக்காகாது. அதிகாரியிடம்தான் கட்டவேண்டும், அவர்தான் பிரித்துக் கொடுப்பார். முன்பணமாகக் கொடுத்ததில் மூன்று மாதச் சம்பளம் வரைதான் கழித்துக்கொள்ள முடியும். எனவே சட்டத்தின் கண்ணில் அந்தத் தாள் வெறும் தாள். ஷரீஅத்தின் கண்ணில் எப்படி? முஸ்லிம்களுக்கிடையே ஸுல்ஹு, அதாவது சமரசம், அனுமதிக்கப்பட்டதுதான். ஹராமை ஹலாலாக்குவதும் ஹலாலை ஹராமாக்குவதுமான சமரசம் மட்டும் கூடாது என்ற கருத்தில் நபிமொழி வந்திருக்கிறது. தன் ஹக்கு எவ்வளவு என்றே தெரியாத ஒரு விதவையிடமும், வாய் பேசத் தெரியாத அவள் பிள்ளைகளின் பேரிலும் வாங்கப்படும் கைநாட்டு எந்த வகை ஸுல்ஹு? யத்தீம்களின் பொருளை விட்டுக்கொடுக்கத் தாய்க்கே அதிகாரமில்லை எனும்போது முத்தவல்லிக்கு ஏது?

இத்தாவைப் பற்றியும் ஒரு வார்த்தை. நான்கு மாதம் பத்து நாள் வீட்டில் இருக்க வேண்டிய பெண் எப்படி அலுவலகத்துக்குப் போவாள் என்று கேட்கிறார்கள். அவசியத் தேவைக்காகப் பகலில் வெளியே சென்று இரவுக்குள் வீடு திரும்பலாம் என்பது ஃபுகஹாக்கள் சொல்லியிருப்பதுதான். அதுவும் வேண்டாமென்றால், வழக்கறிஞரோ பதிவு பெற்ற தொழிற்சங்கத்தின் நிர்வாகியோ அவள் சார்பில் ஆஜராகப் பழைய சட்டம் இடம் தந்தது. மனுச் செய்ய அது வைத்த கெடு இரண்டாண்டு. போதிய காரணம் காட்டினால் தாமதத்தை மன்னிக்கும் அதிகாரமும் உண்டு. ஆகவே இத்தா முடியும் வரை காத்திருப்பதால் எதுவும் கெட்டுவிடாது. இத்தாவுக்குள் கையெழுத்து வாங்க அவசரப்படுகிறவர்கள்தாம் கவனிக்கப்பட வேண்டியவர்கள்.

உண்மையில் காரியம் கெடுவது வேறோரிடத்தில். மய்யித்தை அறுக்கக் கூடாது என்று பிரேதப் பரிசோதனையை மறுத்து, போலீசில் எழுதிக்கொடுத்து, அன்றே அடக்கிவிடுகிறோம். பிறகு அதிகாரியின் முன், "மாரடைப்பில் செத்தான், சாரத்திலிருந்து விழுந்து அல்ல" என்று எதிர்த்தரப்பு வாதிடும்போது கையில் ஒன்றும் இருப்பதில்லை. மய்யித்தின் கண்ணியம் காக்கப்பட வேண்டியதுதான். அதில் இரண்டு கருத்தில்லை. ஆனால் மரணத்தின் காரணத்தை அறியவும் உயிரோடிருப்பவர்களின் ஹக்கைக் காக்கவும் தேவை ஏற்படும்போது இக்கால உலமாக்கள் பலர் அதை அனுமதித்திருக்கிறார்கள். உங்கள் ஊர் ஆலிமிடம் முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். மருத்துவமனையில் விபத்துப் பதிவேட்டில் என்ன எழுதுகிறார்கள் என்பதையும் கூட இருப்பவர் கவனிக்க வேண்டும். "வீட்டில் வழுக்கி விழுந்தார்" என்று மேஸ்திரி சொல்லி எழுதவைத்துவிட்டால், பிறகு அந்த ஒரு வரியை அழிக்க வருடக்கணக்கில் பாடுபட வேண்டியிருக்கும்.

சாட்சியம் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு வழக்கு. 1961 டிசம்பரில் பாரசீக வளைகுடாவில் சென்றுகொண்டிருந்த 'துவாரகா' என்ற கப்பலில் வேலை பார்த்த ஒரு முஸ்லிம் மாலுமி காணாமற்போனார். நெஞ்சுவலி என்றும் தூக்கமில்லை என்றும் இரண்டு முறை கப்பல் வைத்தியரிடம் சொல்லியிருக்கிறார். 16-ஆம் தேதி அதிகாலை மூன்று மணிக்கு, படுக்கப் போவதாகச் சொன்னவரை ஆறேகால் மணிக்குத் தேடினால் ஆளில்லை. தகப்பனார் 4,810 ரூபாய் நஷ்டஈடு கேட்டு மனுச் செய்தார். பம்பாய்க் கமிஷனர் தள்ளினார். உயர்நீதிமன்றம் கொடுக்கச் சொன்னது. 1969 ஆகஸ்டில் உச்சநீதிமன்றம் மறுபடியும் தள்ளிவிட்டது. மரணம் வேலையின் காரணமாக நேர்ந்தது என்று ஊகிக்கவேனும் ஓர் ஆதாரம் வேண்டும், அந்தப் பொறுப்பு கேட்பவருடையது, கமிஷனர் சாட்சியத்தைப் பார்த்துக் கண்ட முடிவை உயர்நீதிமன்றம் கலைத்திருக்கக் கூடாது என்பது தீர்ப்பின் சாரம். மகனைக் கடலில் பறிகொடுத்த தகப்பனாருக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று நம்மால் எண்ணிப் பார்க்கத்தான் முடிகிறது.

இங்கேதான் மேல்முறையீட்டின் நீதி என்ற கேள்வி வருகிறது. நஷ்டஈட்டை முதலில் விசாரிப்பவர் நீதிபதியாக இருக்க வேண்டியதில்லை. தமிழகத்தில் தொழிலாளர் துணை ஆணையர்களே கமிஷனராக அமர்ந்து விசாரித்து வந்தார்கள். கோபாலபுரத்திலிருந்து நடந்தே போய்விடக்கூடிய தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்தில் அந்த அலுவலகம். சாட்சிகளை வரவழைத்து விசாரிக்க அவருக்கு சிவில் நீதிமன்றத்தின் அதிகாரம் உண்டு. அவர் சொன்னது பிடிக்கவில்லை என்றால் போகவேண்டிய இடம் உயர்நீதிமன்றம். கெடு 60 நாள். ஆனால் சாட்சி சொன்னது மெய்யா பொய்யா என்று அங்கே மறுபடியும் அலசுவதற்கில்லை. கணிசமான ஒரு சட்டக் கேள்வி இருந்தால்தான் மேல்முறையீடு நிற்கும். மேலும், முதலாளி மேல்முறையீடு செய்வதானால் விதிக்கப்பட்ட தொகையை முதலில் கட்டிவிட்டு, கட்டியதற்கான சான்றையும் சேர்த்தே வரவேண்டும். இழுத்தடித்தே ஏழையைக் களைத்துப்போகச் செய்யும் தந்திரத்துக்கு இது நல்ல பூட்டு என்பது நம் கருத்து.

மாலுமியின் தகப்பனாருக்கு எதிராகத் திரும்பிய அதே விதி, 2016 நவம்பரில் உச்சநீதிமன்றம் தீர்த்த மற்றொரு வழக்கில் தொழிலாளர்களுக்குக் கைகொடுத்தது. உடற்குறைபாடு இத்தனை சதவீதம் என்று கமிஷனர் சாட்சியத்தின் பேரில் கண்ட முடிவை உயர்நீதிமன்றம் தானே மறுபடி மதிப்பிட்டு மாற்றியிருந்தது. உண்மைகளைப் பொறுத்தவரை கமிஷனரே கடைசி அதிகாரி என்று சொல்லி அதை ரத்து செய்தார்கள். விதி ஒன்றுதான், ஒருவருக்குக் கசந்தது, மற்றவருக்கு இனித்தது. இதிலிருந்து தெரிவது, முதல் விசாரணையிலேயே முழு ஆதாரத்தையும் வைத்துவிட வேண்டும் என்பது. மேலே போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்பவர்கள் அங்கே கதவு சாத்தியிருப்பதைக் காண்பார்கள்.

மேல்முறையீடு என்பதே மேல்நாட்டார் கொண்டுவந்த ஏற்பாடு என்று நினைப்பவர்கள் திருமறையின் 21-ஆம் அத்தியாயத்தில் தாவூது நபி (அலை), ஸுலைமான் நபி (அலை) இருவரும் தீர்த்த வழக்கை ஓதிப் பார்க்கட்டும். ஒருவருடைய விளைநிலத்தை மற்றவருடைய ஆடுகள் இரவில் புகுந்து மேய்ந்துவிட்டன. ஆடுகளையே நிலக்காரரிடம் கொடுத்துவிடும்படி தாவூது நபி தீர்ப்பளித்தார்கள் என்று முஃபஸ்ஸிரீன்கள் எழுதுகிறார்கள். ஸுலைமான் நபி அவர்கள், நிலத்தை ஆட்டுக்காரர் எடுத்துப் பழைய நிலைக்குக் கொண்டுவரட்டும், அதுவரை ஆடுகளின் பாலையும் ரோமத்தையும் நிலக்காரர் அனுபவிக்கட்டும், பிறகு அவரவர் பொருள் அவரவருக்கு என்றார்கள். அந்த விளக்கத்தை அல்லாஹ்வே ஸுலைமானுக்குக் கொடுத்ததாகவும், இருவருக்குமே ஞானம் அருளியதாகவும் திருமறை சொல்கிறது. முதல் தீர்ப்பு மாறியது. ஆனால் முதலில் தீர்ப்பளித்தவரின் கண்ணியம் குறையவில்லை. நஷ்டஈட்டின் நோக்கம் இழந்தவரை இழப்புக்கு முந்திய நிலைக்கு இயன்றவரை கொண்டுவருவது என்பதும் அங்கேயே தெரிகிறது.

இன்னொரு நிகழ்ச்சியை முஸ்னத் அஹ்மதில் காண்கிறோம். அதன் அறிவிப்பாளர் வரிசையைப் பற்றி ஹதீஸ் கலைவல்லுநர்களுக்குள் பேச்சு உண்டு என்பதையும் சொல்லிவிடுகிறோம். யமனில் சிங்கத்தைப் பிடிக்க வெட்டிய குழியருகே கூட்டம் நெருக்கியடித்ததில் ஒருவர் வழுக்கி விழப்போனார். அவர் இன்னொருவரைப் பிடிக்க, அவர் மற்றொருவரைப் பிடிக்க, இப்படி நால்வர் உள்ளே விழுந்து சிங்கத்தால் மாண்டனர். உறவினர்கள் ஆயுதம் தூக்கிவிட்டார்கள். அங்கே அனுப்பப்பட்டிருந்த அலீ (ரலி) அவர்கள், முதலாமவருக்குக் கால் பங்கு தியா, இரண்டாமவருக்கு மூன்றில் ஒரு பங்கு, மூன்றாமவருக்குப் பாதி, நான்காமவருக்கு முழுத் தியா என்று தீர்த்து, ஒப்பாதவர்கள் நபி (ஸல்) அவர்களிடம் செல்லலாம் என்று வழியும் விட்டார்கள். அவர்கள் அப்படியே சென்று முறையிட்டார்கள். நபி (ஸல்) அவர்கள் கேட்டுவிட்டு, அலீயின் தீர்ப்பையே உறுதிப்படுத்தினார்கள். தன் தீர்ப்பின் மீது முறையீடு போவதை அலீ (ரலி) அவர்கள் அவமதிப்பாகக் கருதவில்லை.

நீதிக்கு வேண்டிய முதல் நிபந்தனையையும் அவர்களுக்குத்தான் நபி (ஸல்) அவர்கள் கற்பித்தார்கள். இரு தரப்பாரும் முன்னால் அமர்ந்தால், முதலாமவரிடம் கேட்டதைப் போல் இரண்டாமவரிடமும் கேட்காமல் தீர்ப்புச் செய்யாதே என்ற அந்த உபதேசத்தை அபூதாவூதிலும் திர்மிதியிலும் பார்க்கலாம். கம்பெனியின் வைத்தியர் கொடுத்த சான்றை மட்டும் பார்த்து, காயம் பட்டவரின் வைத்தியரைக் கேளாமல் சதவீதத்தைக் குறைக்கும் அதிகாரி எந்த மதத்தவரானாலும் இந்த நிபந்தனையை மீறியவராவார்.

சதவீதக் கணக்கிலும் ஒரு நுணுக்கம் உண்டு. ஒரிசாவின் ஜெய்ப்பூர் நகரில் 1968-இல் ஒரு சினிமாக் கொட்டகையில் அலங்கார வேலை செய்த தச்சர் விழுந்து, இடக்கையை முழங்கைக்கு மேல் வெட்டி எடுக்கவேண்டியதாயிற்று. ஒரு கைதானே போயிற்று, அது முழு ஊனமாகாது என்றார் கொட்டகை முதலாளி. ஒற்றைக் கையால் தச்சு வேலை செய்ய முடியாது, ஆகவே தச்சருக்கு அது முழு ஊனமே என்றார் கமிஷனர். 1975 இறுதியில் உச்சநீதிமன்றம் அதை உறுதி செய்தது. நஷ்டஈடு விபத்து நாளிலேயே கடனாகிவிடுகிறது, தீர்ப்பு நாளில் அல்ல என்பதும் அத்தீர்ப்பில்தான் நிலைபெற்றது. உறுப்பைப் பார்க்காதே, அந்த உறுப்பைக்கொண்டு அவர் செய்த தொழிலைப் பார் என்பது இதன் கருத்து.

தாமதத்தைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. மராட்டியத்தில் ஒரு சர்க்கரை ஆலையின் காவலாளி 2003 ஏப்ரல் 22 அன்று அதிகாலை மூன்று மணி வேலைக்குப் புறப்பட்டு, ஆலைக்கு ஐந்து கிலோமீட்டருக்கு முன் விபத்தில் மாண்டார். மனைவி, நான்கு பிள்ளைகள், தாயார். 2009-இல் 3,26,140 ரூபாயும் வட்டியும் கிடைக்கத் தீர்ப்பாயிற்று. 2011-இல் உயர்நீதிமன்றம், வழியில் நேர்ந்தது வேலை விபத்தாகாது என்று ரத்து செய்தது. 2025 ஜூலை 29 அன்றுதான் உச்சநீதிமன்றம் திரும்பவும் கொடுக்கச் சொன்னது. இருபத்திரண்டு ஆண்டுகள். வியர்வை உலருமுன் கூலியைக் கொடுக்கச் சொன்ன மார்க்கத்தைப் பின்பற்றுகிற நாம் இந்தக் கணக்கைக் கேட்டு நடுங்க வேண்டும். மூன்று மாதத்திற்குள் முடிக்கவேண்டும் என்று 2009-இல் திருத்தம் கொண்டுவந்தும் கோப்புகள் நகரும் வேகம் நமக்குத் தெரிந்ததே.

நம் வாசகர்களில் முதலாளிமாரும் உண்டு. தோல் ஷெட்டு, ஹோட்டல், இரும்புக் கடை, கட்டட வேலை என்று பலரை வைத்து வேலை வாங்குபவர்கள். அவர்களில் சிலர் ஒரு ஹதீஸை எடுத்துக்காட்டுவார்கள்: சுரங்கத்திலும் கிணற்றிலும் நேரும் சேதத்துக்கு ஈடில்லை என்று புகாரி, முஸ்லிமில் வருகிறதே, பிறகு ஏன் கொடுக்க வேண்டும் என்பார்கள். ஹதீஸ் ஸஹீஹானதுதான். தவறோ, அத்துமீறலோ, ஒப்பந்தமோ இல்லாத இடத்தில் ஒருவர் மீது தியா விதிக்கப்படாது என்பது அதன் இடம். நீங்கள் ஆளை வேலைக்கு வைக்கும்போதே நாட்டின் சட்டம் அந்த ஒப்பந்தத்தில் கலந்துவிடுகிறது. முஸ்லிம்கள் தாங்கள் ஏற்ற நிபந்தனைகளுக்குக் கட்டுப்பட்டவர்கள் என்பதும் ஹதீஸ்தான். அதோடு, பழுதான கயிற்றைக் கொடுத்துச் சாரத்தில் ஏற்றுவது அத்துமீறல் இல்லையா? 'அவன் காண்ட்ராக்டரின் ஆள்' என்று நழுவவும் வழியில்லை; வேலை கொடுத்த முதன்மை முதலாளியிடம் கேட்கலாம், அவர் காண்ட்ராக்டரிடம் வசூலித்துக்கொள்ளட்டும் என்பது 1923 முதல் உள்ள ஏற்பாடு. வாக்குச் சாதுரியத்தால் தன் சகோதரனின் ஹக்கைத் தீர்ப்பாகப் பெற்றவர் நெருப்புத் துண்டைத்தான் பெறுகிறார் என்று நபி (ஸல்) அவர்கள் எச்சரித்ததை, சம்பளப் பதிவேட்டைத் திருத்திக்கொண்டு வாதாடப் போகிறவர்கள் நினைவில் வைக்கட்டும்.

ஆகுமா என்று அடிக்கடி கேட்கப்படுவது அந்த 12 சதவீத வட்டி. அசல் நஷ்டஈடு ஹலால் என்பதில் தயக்கம் வேண்டாம். வட்டி என்ற பெயரில் வருவதை, நன்மையை நாடாமல் ஏழைகளுக்குக் கொடுத்துவிடும்படி நம் உலமாக்களில் பலர் சொல்கிறார்கள். கடனுக்குப் பேசி வாங்கும் ரிபா வேறு, கெடு கடத்தியவர் மீது விதிக்கப்படும் ஈடு வேறு என்று பிரித்துப் பார்ப்பவர்களும் இருக்கிறார்கள். நாம் பேணுதலான முதல் கருத்தின் பக்கம் சாய்கிறோம். ஆனால் வட்டி கலந்திருக்கிறது என்பதற்காக மனுவே செய்யாமல் அசலையும் சேர்த்து விட்டுவிடுவது பேணுதல் ஆகாது.

கடைசியாகப் பங்கீடு. உமர் (ரலி) அவர்கள், கொல்லப்பட்ட கணவனின் தியாவில் மனைவிக்குப் பங்கில்லை, அது அவனுடைய ஆண் உறவினர்களுக்கே உரியது என்று கருதியிருந்தார்கள். அஷ்யம் என்பவரின் தியாவில் அவர் மனைவிக்குப் பங்கு கொடுக்கும்படி நபி (ஸல்) அவர்கள் தமக்கு எழுதியிருந்ததை ழஹ்ஹாக் (ரலி) எடுத்துச் சொன்னதும், கலீஃபா அவர்கள் தம் முடிவை அங்கேயே மாற்றிக்கொண்டார்கள். சட்டப்படி வரும் நஷ்டஈடு தியாவைப் போல் மீராஸாகப் பங்கிடப்பட வேண்டுமா, சார்ந்திருந்தவர்களுக்கென்றே அரசு கொடுக்கச் சொன்னதாகையால் தர்க்காவில் சேராதா என்பதில் இக்கால உலமாக்களிடையே இரு கருத்துகள் உள்ளன. சட்டம் விதவை, மைனர் பிள்ளைகள், மணமாகாத மகள், விதவைத் தாய் ஆகியோரை முன்னிறுத்தியது. சம்பாதிக்கும் வயதுவந்த மகனும் சகோதரனும் அதில் இல்லை. மைனர்களின் பங்கை அதிகாரி அவர்கள் நன்மைக்காக முதலீடு செய்து வைக்கலாம். பங்கு வாங்கிய தாய் பிள்ளைகளைக் கவனியாமல் விட்டாலோ, குடும்ப நிலைமை மாறினாலோ, பிரித்த உத்தரவையே திருத்தும்படி அதே அதிகாரியிடம் மறுபடியும் மனுச் செய்ய வழி வைத்திருந்தார்கள். அதற்கு உயர்நீதிமன்றம் வரை போக வேண்டியதில்லை.